எப்சிபா தேடிய குற்றம்

பையைக் கீழ வைக்காதிய அண்ணாச்சி, யாரோ தண்ணியைக் கொட்டிப் போட்டிருக்காவ. மடியிலயே வச்சிக்கிடுங்க. திருச்செந்தூருக்கா? மொட்டையா? நல்லது, நல்லது. எதுக்கு வேண்டியிருந்திய? மகளுக்குப் பிள்ளை பொறக்கணும்னா? பொறந்திட்டா? அப்பம் சரி, உங்க ஆளு சொன்னாக் கேக்குற ஆளுதான். சிரிக்காதிய, நான் கேலிக்குச் சொல்லல.

நானும் திருச்செந்தூருக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். ஆனா நான் வேதக்காரன், கிறிஸ்தவன். பேரு பாக்கியநாதன். வருஷப் பொறப்பும் அதுவுமா வேதக்காரனுக்குக் கோயில்ல இல்லாம பஸ்ல என்ன சோலின்னுதானே பாக்கிய? ஒரு சோலியும் கெடையாது. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒரு டீயைக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ல திரும்பிருவேன். இதோட மூணாவது வருஷம், ஜனவரி ஒண்ணாந்தேதி ஆனா இதுதான் எனக்கு ஆராதனை. ஊர்ல இருந்தா யாராவது வந்து கோயிலுக்குக் கூப்பிடுவாவ. அதுக்குத்தான் விடிஞ்சதும் பஸ் ஏறிருதது.

எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு அண்ணாச்சி. வருஷப் பொறப்பு ஆராதனை முடியவும், சின்னச் சின்னதா அட்டை மடிச்சி ஒரு பெரிய தட்டுல போட்டு வச்சிருப்பாவ. ஒவ்வொண்ணுலயும் வேதத்துல உள்ள வசனம் ஒண்ணு இருக்கும். வரிசையாப் போயி, பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுக்கணும். வாக்குத்தத்த அட்டைன்னு சொல்லுவோம். அந்த வருஷம் முழுக்க உனக்கு இதுதான் என் வாக்குன்னு ஆண்டவரே குடுக்கிற மாதிரி. சிலபேரு கண்ணாடி போட்டு நடுவீட்டுல மாட்டிருவாவ.

அந்த அட்டையை அச்சடிக்கது நான்தான். பாளையங்கோட்டையில ஒரு அச்சாபீஸ்ல முப்பது வருஷமா இருக்கேன். எங்க சபைக்கு வசனம் பொறுக்குறதும் நான்தான். அதுல ஒரு நெளிவு சுளிவு இருக்கு. வேதத்துல ஆண்டவரு ஆசீர்வாதம் பண்ணினதும் இருக்கும், கோவப்பட்டுத் திட்டினதும் இருக்கும். ஒரு வருஷம் புதுசா வந்த ஐயரு, எங்க பாதிரியாரை நாங்க ஐயருன்னுதான் சொல்லுவோம், அவரு எல்லா வசனமும் கலந்து போடணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. போட்டேன். ரிட்டையர்டு தாசில்தார் ஒருத்தருக்கு நீ மண்ணுக்குத் திரும்புவன்னு வந்திட்டு. மனுஷன் ஒரு மாசம் கோயில் பக்கம் வரல. அதுல இருந்து இனிப்பான வசனம் மட்டும்தான். 'நீ எனக்குக் கீழ்ப்படிஞ்சா'ன்னு முன்னால ஒரு பாதி இருக்கும்லா, அதை வெட்டிட்டுப் பின்பாதியை மட்டும் அடிப்பேன். எடமும் மிச்சம், சனங்களுக்கும் சந்தோசம்.

என் வீட்டுக்காரி அப்படிக் கெடையாது. எப்சிபான்னு பேரு. ஞாயிறு பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவ. முதல் நாள் முதல் கேள்வியே, கடவுள் எப்படிப்பட்டவருன்னு கேப்பா. சொன்ன சொல் மாறாதவருன்னு பிள்ளைய கத்தணும். அவ கேட்டு, அதுவ கத்தி, தெரு முனை வரைக்கும் கேக்கும். எனக்கு அது பாடம். அவளுக்கு அது பாடம் இல்ல, மூச்சு. சோத்தைக் கிண்டிக்கிட்டே அவர்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பா. ஒரு நாள்கூட எனக்கு அதைத் தா இதைத் தான்னு கேட்டு நான் காதால கேட்டதில்ல. ஏன்ட்டி, கேட்டாத்தானே குடுப்பாருன்னா, அவரு என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்காருன்னு என்னையே கேப்பா.

அவளுக்கு ஒரு நவம்பர் மாசம் மார்புல கட்டி வந்திட்டு. ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டரு பாத்தாவ. ஐயா, ஆரம்பத்துலயே வந்திட்டிய, எடுத்துட்டா பயமில்ல, ஜனவரி முதல் வாரத்துல கொண்டாந்து சேத்துருங்கன்னாவ. பயமில்லன்னு அவிய வாயாலயே சொன்னாவ அண்ணாச்சி, அதை ஞாபகம் வச்சிக்கிடுங்க. ஆனா இவளுக்கு ஆபரேஷன்னாலே ஈரக்கொலை நடுங்கும். இவ அக்கா கர்ப்பப்பை ஆபரேஷனுக்குன்னு நடந்து உள்ள போனவ, வெளிய நடந்து வரல. அதனால இவ போறேன்னும் சொல்லமாட்டா, மாட்டேன்னும் சொல்லமாட்டா. கடைசியில, வருஷப் பொறப்புக்கு அட்டை எடுப்பேன்லா, அவரு என்ன சொல்லுதாரோ அதுபடி செய்யுதேன்னா.

தட்டுல முன்னூறு அட்டை கெடக்கும். எல்லாம் இனிப்புத்தான், இல்லைங்கல. ஆனா இவ கைக்கு எது வருமோ. அமைதியா இருந்து நானே தேவன்னு தெரிஞ்சிக்கிடுங்கங்கிற மாதிரி ஒண்ணு உண்டு. அது வந்திட்டுன்னு வைங்க, இவ அமைதியா வீட்டுலயே உக்காந்துருவா. நான் யோசிச்சேன். பயத்தைப் போக்குற வசனமா ஒண்ணு இவ கையில கெடைச்சா, துணிஞ்சி போயிப் படுத்துருவாலா. சங்கீதத்துல ஒரு வசனம் இருக்கு, நீ சாகமாட்ட, பிழைச்சிருந்து நான் செஞ்சதைச் சொல்லுவங்கிற மாதிரி வரும். அதை மட்டும் தனியாப் பன்னெண்டு அட்டை அடிச்சேன்.

தட்டைப் புடிச்சிக்கிட்டு ஐயரு பக்கத்துல நிக்கதும் நான்தான், கமிட்டி ஆளுங்கிறதால. அவ வரிசை எந்திரிக்கவும், தட்டுல அட்டை கொறைஞ்சிட்டு, நெறைக்கேன்னு சொல்லி, அந்தப் பன்னெண்டையும் மேலாக்கப் போட்டு அவ பக்கமாச் சாய்ச்சேன். எதை எடுத்தாலும் அதேதான். அவ கண்ணை இறுக மூடிக்கிட்டு எடுத்தா. நான் மிச்சத்தை அள்ளுறதுக்குள்ள, பக்கத்துல முழங்கால் போட்டிருந்த செல்லக்கனி அம்மாவும் ஒண்ணை எடுத்துட்டாவ. அவியளுக்கு அப்பமே எழுபத்தெட்டு வயசு, சக்கரை, பிரசரு, எல்லாம் உண்டு. சரி போகட்டும், கெழவிக்கும் நல்ல வாக்குக் கெடைக்கட்டும்னு விட்டுட்டேன். பத்தை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்.

எடத்துக்குப் போயிப் பிரிச்சிப் பாத்துட்டு அவ அழுத அழுகை இருக்கே. வாய்விட்டு அழல. முந்தானையை வாயில வச்சிக்கிட்டுத் தோள் குலுங்குது. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம், நம்ம திட்டம் பலிச்சிட்டுன்னு. வீட்டுக்கு வந்து இட்லியைப் பிட்டு வாயில வைக்கேன், இங்கேருங்க, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாங்க வரலைன்னு சொல்லிருங்கன்னுதா. எனக்கு விக்கிட்டு. ஏன்ட்டின்னேன். சாகமாட்டன்னு அவரே சொல்லிட்டாரு, பொறவு என்னத்துக்கு வெட்டணும்னா.

நான் விடல அண்ணாச்சி. டாக்டரு கையாலயும் ஆண்டவரு செய்வாருட்டின்னேன். அட்டையில அப்படி எழுதலையேன்னா. ஒரு வாரம் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். அவரு வாய் தொறந்து சொன்ன பொறவு நான் கத்திக்குப் போனா, நீரு சொன்னதை நான் நம்பலைன்னு அவரு மொகத்துக்கு நேரச் சொன்ன மாதிரி ஆயிருமேன்னு கேக்கா.

உங்க பார்வை புரியுது. அட்டை நான் வச்சதுன்னு சொல்லியிருக்கலாம்லான்னு பாக்கிய. சொல்லுறது லேசு. முப்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவ. ஆண்டவரு தட்டுலயே கள்ளத்தனம் பண்ணினவன்னு தெரிஞ்சா என் கையால ஒரு தம்ளரு தண்ணி வாங்கிக் குடிப்பாளா? அதோட, இன்னொண்ணையும் நீங்க யோசிக்கணும். வசனம் யாரோடது? என்னோடதா? வேதத்துல உள்ளது. அவரு சொன்னதை நான் அச்சடிச்சேன், அவ்வளவுதான். ஒருத்தி அதை நம்பிக் கட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கா. அதைச் செஞ்சி குடுக்க அவருக்கு என்ன கஷ்டம்? எத்தனையோ பேரைச் சொகமாக்குனவருலா. நீ வச்ச அட்டையா இருந்தாலும் என் பேரைச் சொல்லித்தானே வச்ச, போ, நான் பாத்துக்கிடுதேன்னு அவரு நெனைக்கக் கூடாதா? நெனைப்பாருன்னுதான் நான் இருந்தேன்.

ஆழ்வார்திருநகரி வந்திட்டா? இன்னும் நேரம் கெடக்கு.

பொறவு அவ சாட்சி சொல்ல ஆரம்பிச்சா. சாட்சின்னா, ஆண்டவரு எனக்கு இன்னது செஞ்சாருன்னு சபை முன்னால நின்னு சொல்லுறது. எங்க கோயில்ல சொன்னா, பக்கத்து ஊருல கூப்பிட்டாவ, அங்கயும் போயிச் சொன்னா. நான்தான் பைக்குல கூட்டிக்கிட்டுப் போவேன். பொம்பளைய எல்லாம் வந்து இவ கையைப் புடிச்சிக்கிட்டு அழும். பெருமையாத்தான் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். மாசி, பங்குனி, சித்திரை, ஒரு கொறையும் இல்ல. பாத்தியா, அவரு செய்யுதாருன்னு நானே நம்பிட்டேன்.

ஆனி மாசம் கட்டி ஒடைஞ்சி புண்ணாயிட்டு. ஆடியில கக்கத்துல இருந்து கை முழுக்க வீங்கிட்டு. நானும் மகனும் அவளைத் தூக்காத கொறையா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அந்த டாக்டரம்மா இவளைப் பாத்துட்டு, என்னைப் பாத்துட்டு, ஏன் இப்பம் வாறியன்னு மட்டும்தான் கேட்டாவ. இனி வலிக்கு மருந்து தரலாம், வேற ஒண்ணும் பண்ணுறதுக்கில்லன்னுட்டாவ. ஒடம்பு பூராப் பரவிட்டு.

வீட்டுக்கு வந்த மூணாம் நாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்காரச் சொன்னா. அவரு சொன்ன சொல் மாறமாட்டாரு. மாறிட்டுன்னா, என்கிட்ட ஏதோ ஒரு குத்தம் இருக்கு. அது மறைச்சிக்கிட்டு நிக்கி. அதைக் கண்டுபிடிச்சி அறிக்கை பண்ணணும்னா. கோவமா இல்ல அண்ணாச்சி, புகாரா இல்ல. வீட்டுல தொலைச்ச சாவியைத் தேடுத மாதிரி, இங்கதானே இருக்கணும்னு சொல்லுத மாதிரி சொன்னா.

தேட ஆரம்பிச்சா. முதல்ல என் தங்கச்சி. ஒரு கல்யாண வீட்டுல யாரு முன்னால உக்காருறதுங்கிற தகராறுல ரெண்டு பேருக்கும் பத்து வருஷமாப் பேச்சு கெடையாது. இவ போயி அந்த வீங்கின கையோட அவ காலைத் தொட்டா. தங்கச்சி பதறிப்போயி மதினி, மதினின்னு கட்டிப் புடிச்சி அழுதா. இவ திரும்பி வந்து ஒரு வாரம் பாத்தா. புண்ணு ஆறல. அதுவும் இல்ல போலன்னா.

பொறவு பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதி, ராஜபுஷ்பம்னு. பத்தாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வந்த காயிதத்தை இவ பிரிச்சிப் படிச்சி டீச்சர்கிட்டக் குடுத்துட்டாளாம். அதோட அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்திட்டாவளாம். நாப்பது வருஷத்துக் கதை. கார் வச்சி, விசாரிச்சி, சாத்தான்குளத்துக்கு அங்கிட்டு ஒரு ஊருல அவளைக் கண்டுபிடிச்சோம். அந்தப் பொம்பளைக்குப் பேரன் பேத்தி எடுத்தாச்சி. காயிதமா, எந்தக் காயிதம்னு கேட்டுச் சிரிக்கா. கணக்கு வரலைன்னுல்லா நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்னேன், நீ என்னத்துக்குட்டி இந்த ஒடம்போட இவ்வளவு தூரம் வந்தன்னு காப்பி போட்டுக் குடுத்தா. கார்ல வரும்போது இவ மொகத்தைப் பாக்க முடியல. மன்னிப்புக் கெடைச்ச மொகமா அது இல்ல. தேடின எடத்துலயும் இல்லங்கிற மொகம்.

இதுக்கு நடுவுல செல்லக்கனி அம்மா தெனமும் வந்து பாப்பாவ. ஒரே வசனம் ரெண்டு பேருக்கும் வந்திச்சேம்மான்னு சொல்லி அழுவாவ. எண்பதைத் தாண்டியாச்சி, இன்னைக்கும் வாளியில தண்ணி தூக்குதாவ. கெழவிக்கு மட்டும் வாக்கு எப்படிப் பலிச்சிதாம்? அதே அச்சு, அதே மை, அதே கை. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

ஐப்பசியில ஒரு நாள் மழை. அவ என்கிட்டக் கேட்டா, இங்கேருங்க, எனக்குத் தெரியாம என்கிட்ட ஏதாவது குத்தம் நீங்க பாத்திருக்கியளா, கூட இருந்தவிய உங்களுக்குத் தெரியாம இருக்காதுலா, தயவுபண்ணிச் சொல்லுங்கன்னா. இப்பம் சொல்லிருவோம்னு வாய் வரைக்கும் வந்திட்டு அண்ணாச்சி. சத்தியமா வந்திட்டு. ஆனா சாகப்போறவகிட்ட இதைச் சொல்லி அவ மனசை ஒடைக்கணுமான்னு தோணிச்சி. ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னா அவ நம்ப மாட்டா, இன்னும் தேடுவா. தேடித் தேடிச் சாகுதாளேன்னு எனக்குத் தாங்கல. ஏதாவது ஒண்ணைச் சொன்னா தேடுறதை நிறுத்துவாள்லா. அதனால, நீ சாட்சி சொல்லும்போது கொஞ்சம் பெருமைப்பட்ட மாதிரி எனக்குத் தோணிச்சிட்டின்னேன்.

அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.

புடிச்சிக்கிட்டா. அதுதான், அதேதான், எனக்கு ஏன் தோணலைன்னு அழுதா. உங்களுக்குக் கோடி நன்றிங்கன்னு என் கையைப் புடிச்சிக் கும்பிட்டா. அன்னையில இருந்து கஞ்சி குடிக்க மாட்டேன்னுட்டா, உபவாசமாம். மூணு நாள். நாலாம் நாள் நான் அவ வாயைத் தொறந்து ஊத்தினேன். பெருமையையும் அறிக்கை பண்ணிட்டேனே, இன்னும் அவரு திரும்பிப் பாக்கலையேன்னு கேக்கா. முன்னால சோத்தைக் கிண்டும்போது பேசுவான்னேம்லா, அந்தப் பேச்சு நின்னு போச்சி. ஒருத்தரு வீட்டு வாசல்ல நின்னு தட்டுறதுக்கு வெக்கப்பட்டு நிக்கவ மாதிரி ஆயிட்டா.

கார்த்திகைக் கடைசியில ஐயரு திருவிருந்து கொண்டு வந்தாரு. தெரியும்லா, அப்பமும் திராட்சை ரசமும். ஆண்டவரு சரீரம், ரத்தம்னு வாங்குவோம். கோயிலுக்கு வர முடியாதவியளுக்கு வீட்டுலயே குடுப்பாவ. குத்தத்தை மனசுல வச்சிக்கிட்டு வாங்கக் கூடாது, வாங்கினா அது சாபமாயிரும்னு எங்கள்ல ஒரு பயம் உண்டு. இவ ஒரு மாசமும் அதைத் தவறவிட்டவ இல்ல. ஐயரு மேசையில வெள்ளைத் துணி விரிச்சி, ஜெபம் பண்ணி, எனக்கு ஒரு துண்டு, அவளுக்கு ஒரு துண்டுன்னு ரெண்டு அப்பம் எடுத்து வச்சாரு. தட்டைப் புடிச்சிக்கிட்டு நான் கட்டில் பக்கத்துல நிக்கேன். அம்மா, வாயைத் தொறங்கன்னாரு.

எனக்கு வேண்டாம் ஐயான்னா.

ஏம்மான்னாரு. இன்னும் கண்டுபிடிக்கல ஐயான்னா. ஐயரு நல்ல மனுஷன், கட்டில்லயே உக்காந்து அவ கையைப் புடிச்சிக்கிட்டாரு. அம்மா, அவரு எரக்கம் உள்ளவரு, உங்களைக் கைவிட மாட்டாரு, நீங்க அப்படி என்ன குத்தம் பண்ணிட்டியன்னு கேட்டாரு. எரக்கம் உள்ளவருதான் ஐயா, எனக்குத் தெரியாதா, ஆனா அவரு பொய் சொல்ல மாட்டாருலா, அப்பம் நான்தானே பொய்யின்னா. அந்தக் கொரல் இப்பவும் காதுல கெடக்கு. கடைசி வரைக்கும் அவரை விட்டுக் குடுக்கல அண்ணாச்சி. அவரைக் காப்பாத்துறதுக்குத் தன்னையே குத்தவாளியாக்கிட்டுச் சொவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

ஐயரு என்னைப் பாத்தாரு. நீங்களாவது சொல்லுங்களேன்னாரு. ஒரு வார்த்தைதான். எப்சிபா, அது அவரு சொல்லலட்டி, நான் சொன்னேன். அவ்வளவு சொன்னாப் போதும், திரும்பி வாயைத் தொறந்திருப்பா. என்னை ஏசியிருப்பா, மொகத்துல காறித் துப்பியிருப்பா, ஆனா அதை வாங்கியிருப்பா. எனக்குத் தெரியும். நான் ஐயருகிட்ட, அவ எப்பவுமே பிடிவாதக்காரி ஐயான்னேன்.

ஆசீர்வதிச்ச அப்பத்தை மிச்சம் வைக்கக் கூடாதுன்னு எங்கள்ல முறை. கீழ போடவும் கூடாது, கொண்டு போகவும் கூடாது. ஐயரு என் பங்கைக் குடுத்தாரு. பொறவு, அவ திரும்பலைன்னு கண்டு, அவ பங்கையும் என்கிட்ட நீட்டினாரு. ரெண்டு கையையும் ஏந்தி வாங்கினேன். அவ முதுகைப் பாத்துக்கிட்டே வாயில போட்டேன். இப்பம் தொண்டையை அடைக்கும், இப்பம் விழுந்திருவேன்னு நின்னேன். கரைஞ்சி நல்லா எறங்கிட்டு.

அஞ்சாம் நாள் அவ போயிட்டா. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சி. எனக்கு ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி வந்தது கெடையாது அண்ணாச்சி, நேரா நேரத்துக்குப் பசிக்கி. நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க, அவரு பாத்துக்கிட்டுத்தான் இருக்காருன்னு நான் எப்படி நம்புவேன்?